அன்றைய மாணவரும் தமிழ் வகுப்பும்

அவைத் தலைவர் அவர்களே, கல்லூரித் தாளாளர் ஐயா அவர்களே, அன்போடு அழைத்த முதல்வர் அம்மா அவர்களே, தமிழ்த்துறைப் பேராசிரியப் பெருமக்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்திய நூலகர் ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பழைய நூல்களைத் தேடி எடுத்துத் தூசி தட்டித் தந்தவர் அவர்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைப் பல்கலைக்கழக மாணவர்கள் எங்கே தங்கினார்கள், எப்படித் தேர்வு எழுதினார்கள், தமிழை எப்படிப் படித்தார்கள் என்று மூன்று செய்திகளைச் சொல்வதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன்.

1857இல் பல்கலைக்கழகம் பிறந்தபோது அது பாடம் நடத்தவில்லை. தேர்வு வைத்துப் பட்டம் கொடுத்தது, அவ்வளவுதான். பாடம் நடந்தது கல்லூரிகளில். கடற்கரையில் கம்பீரமாக நிற்கிறதே செனட் மாளிகை, அது கட்டடக் கலைஞர் சிஷோமின் கைவண்ணம். 1879இல்தான் கட்டி முடித்தார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் உறவுக்காரர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினார்கள். வசதியில்லாதவர்களுக்கு வாரச் சாப்பாடு. திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை இன்னொரு வீடு. அடுத்தவர் வீட்டு இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, எண்ணெய் விளக்கில் ஷேக்ஸ்பியரை உருப்போட்ட பிள்ளைகள் அவர்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சுவராக நின்றது எது? வீட்டிலும் திண்ணைப் பள்ளியிலும் ஊறிய தமிழ் என்பேன் நான்.

இந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்களில் ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. ஆங்கிலப் படிப்பில் அவ்வளவு உயரம் போனவர் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்துக் கொடுத்தார்.

அந்த இருவருக்கும் பின்னால் வந்த ஒரு மாணவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், தலைவர் ஐயா மணி அடிக்காமல் பொறுத்துக்கொள்ள வேண்டும். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி. அங்கே 1870இல் பிறந்த சூரியநாராயண சாஸ்திரி சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் படிக்க வருகிறார். கல்லூரி அப்போது தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது. முதல்வர் வில்லியம் மில்லர், மாணவர்கள் மேல் உயிரையே வைத்திருந்தவர். ஒருநாள் வகுப்பில் ஆங்கிலக் கவிஞர் டென்னிசனின் கவிதை நடக்கிறது. காயம்பட்ட ஆர்தர் மன்னனை ஏற்றிக்கொண்டு படகு போகிறது, அன்னப்பறவை போலப் போகிறது. மில்லர் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்கிறாராம்: ‘இப்படி ஓர் உவமை உங்கள் தமிழில் உண்டா?’ வகுப்பே அமைதி. நம் பிள்ளை எழுந்திருக்கிறார். ‘உண்டு ஐயா. டென்னிசனுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கம்பர் பாடியிருக்கிறார்’ என்கிறார். குகன் நெடுநாவாயை முடுக்குகிறான், இராமனைச் சுமந்துகொண்டு அது மட அன்னத்தின் நடையில் செல்கிறது, கரையில் நின்ற மறையோர் தீயில் பட்ட மெழுகாக உருகுகிறார்கள் என்று பாட்டைச் சொல்லிப் பொருளையும் சொன்னாராம். மில்லர் பூரித்துப் போனார் என்று இன்றைக்கும் தமிழாசிரியர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்கிறார்கள். (கைதட்டல்.) அந்த மாணவரைத்தான் நாம் பரிதிமாற் கலைஞர் என்று அழைக்கிறோம். பின்னால் அதே கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். புதிய நூற்றாண்டு பிறந்த கையோடு, பல்கலைக்கழகப் பாடத்திலிருந்து தமிழை எடுத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, தமிழறிஞர் பூரணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து போராடியவரும் அவர்தான். 1903இல் மறைந்தபோது வயது 33.

தேர்வைப் பற்றிச் சொல்ல நேரம் இல்லை, இன்னொரு கூட்டத்தில் பார்க்கலாம். எனக்கு இப்போது முக்கியம் இன்றைய தமிழ் வகுப்பு. செய்முறைத் தேர்வா, தமிழ் வகுப்பு நேரத்தை எடு. வேலைவாய்ப்பு முகாமா, தமிழ் வகுப்பு நேரத்தை எடு. பல கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அந்த ஆசிரியர் அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாமலே பாடம் நடத்துகிறார். சுவரை இடித்துவிட்டுச் சித்திரம் எங்கே எழுதப் போகிறோம்?

முதல்வர் அம்மா அவர்களிடம் மேடையிலேயே கேட்கிறேன். இந்தக் கல்லூரியிலாவது தமிழ் வகுப்பு நேரத்தை வேறு எதற்கும் எடுப்பதில்லை என்று இந்தப் பருவத்திலேயே அறிவியுங்கள். காலிப் பணியிடங்களை நிரந்தரமாக நிரப்பக் கோரி அரசுக்கு அனுப்பும் விண்ணப்பம் வாசலில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. மாணவர்கள் பெயரோடு வகுப்பையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வெள்ளிக்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வணக்கம்.