பத்து நிமிடம் தண்ணீர் குடிக்க ஒரு சட்டம்! அதைப் பறித்தது யார்? மதுரைக்கு இதில் என்ன பாடம்?

வணக்கம் மக்களே. மே மாதம், மதியம் ஒரு மணி, நம்ம மதுரை வெயில். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு மாடி எடுக்கிறார்கள். சித்தாள் அக்கா ஒருவர் சாந்துச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில் கிடைத்த ஒரு முழ நிழலில் உட்கார்ந்து, ஈரத்துணி சுற்றிய பாட்டிலை எடுத்து அண்ணாந்து குடிக்கிறார். பாதி பாட்டில் காலியாவதற்குள் மேலேயிருந்து கொத்தனார் குரல் வந்துவிட்டது. எழுந்து போய்விட்டார்.

அந்த உட்காருதலைச் சட்டமாகவே போட்ட ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில், ஆஸ்டின். 2010இல் அந்த நகர மன்றம் ஒரு விதி போட்டது: கட்டட வேலை செய்பவருக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தாக வேண்டும். 2015இல் டல்லாஸ் நகரமும் அதே மாதிரி போட்டது. டெக்சாஸ் வெயிலும் நம் அக்னி நட்சத்திரத்துக்குச் சளைத்தது இல்லை. அப்புறம் 2023இல் மாநிலச் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது, எச்.பி. 2127 என்று பெயர். தொழில், விவசாயம், சொத்து என்று பல துறைகளில், மாநிலச் சட்டத்தைத் தாண்டி எந்த நகரமும் தனியாக விதி போடக்கூடாது என்பதுதான் அதன் சாரம். தண்ணீர் குடிக்கும் அந்தப் பத்து நிமிடமும் அதில் அடிபடும். எதிர்த்தவர்கள் அந்த மசோதாவுக்கு 'டெத் ஸ்டார்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். ஹூஸ்டன் நகரம் கோர்ட்டுக்கே போனது. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை, பத்து நிமிடம் தானே கேட்டார்கள்!

சரி, இதை எதற்குச் சொல்கிறேன்? ஊருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்பது ஊருக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. சட்டம் போடுகிற இடத்தில், சட்டம் போடுவதற்கு முன்னால், அதை ஒரே குரலில் சொல்ல ஆள் வேண்டும், கையில் ஒரு தாள் வேண்டும். அந்தத் தாள் எப்படித் தயாராகிறது என்பதுதான் இன்றைய வீடியோ.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசியல் சட்டத்தில் நகராட்சி பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. 1868இல் அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் தெளிவாகவே எழுதிவிட்டார்: நகரத்தை உண்டாக்கியது மாநிலச் சட்டமன்றம், அது நினைத்தால் இல்லாமலும் ஆக்கலாம். நம் பக்கம் பாருங்கள், 1992இல் நிறைவேறிய 74ஆவது திருத்தம் நகராட்சிகளை அரசியல் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்து, 18 வேலைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் ஆஸ்டினைவிட மதுரைக்குத்தான் பிடிமானம் அதிகம்!

ஆனால் அவர்களிடம் அந்தத் தாள் இருக்கிறது. 'லெஜிஸ்லேட்டிவ் அஜெண்டா' என்பார்கள், சட்டக் கோரிக்கைப் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் சட்டமன்றம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் வழக்கமாகக் கூடும், அதுவும் 140 நாள்தான். 2023 கூட்டத்தொடரில் மட்டும் 8,000க்கும் மேல் மசோதாக்கள் வந்து குவிந்தன. அதனால் நகரங்கள் முந்தைய வருடமே வேலையை ஆரம்பித்துவிடும். நகர அலுவலகத்தில் இதற்கென்றே இருக்கிற பிரிவு தண்ணீர், சாலை, தீயணைப்பு, வீட்டுவசதி என்று ஒவ்வொரு துறையாகக் கூப்பிட்டுக் கேட்கும்: எந்தச் சட்டத்தில் எந்த வரி உங்கள் கையைக் கட்டுகிறது? இந்தக் கேள்வி எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. 'உங்களுக்கு என்ன குறை' என்று கேட்டால் பணம் இல்லை, ஆள் இல்லை என்று எல்லாரும் புலம்புவோம். எந்த வரி என்று கேட்டால் சட்டப் புத்தகத்தைத் திறந்தே ஆக வேண்டும்.

அப்படிக் குவிந்ததைச் சலிக்க வேண்டும், சல்லடை போடுவதில்தான் சூட்சுமமே இருக்கிறது. இது நம் ஊருக்கு மட்டும் வலிக்கிற விஷயமா, எல்லா ஊருக்கும் பொதுவா? பொது என்றால் கூட்டமைப்பு பார்த்துக்கொள்ளும், டெக்சாஸில் 1913இலிருந்தே நகரங்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. நம் வருமானத்திலோ அதிகாரத்திலோ கை வைக்கிறதா? அப்படியானால் மேலே ஏற்று. மசோதாவாகக் கொண்டுபோக ஒரு உறுப்பினர் கிடைப்பாரா, இந்த முறை ஜெயிக்க வாய்ப்பு உண்டா? இல்லையென்றால் கீழே இறக்கு. கடைசியில் ஆதரிப்பவை, எதிர்ப்பவை, கண்ணில் வைத்திருக்க வேண்டியவை என்று மூன்று குவியல். அதற்கு மேல், 'நகரத்தின் அதிகாரத்தைக் குறைக்கிற எதையும் எதிர்ப்போம்' என்பது மாதிரி சில பொது நிலைப்பாடுகள், ஏனென்றால் மசோதாவில் ராத்திரியோடு ராத்திரியாக வாசகம் மாறும், அப்போது ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

பிறகு மன்றத்தில் ஓட்டெடுப்பு. இதுதான் உயிர்நாடி. மேயர் ஒன்று, கவுன்சிலர் ஒன்று என்று ஆளுக்கொன்று போய்ச் சொன்னால் கேட்பவருக்குக் கொண்டாட்டம், எதையும் செய்ய வேண்டாமே. ஓட்டுப் போட்டு எழுதிய தாள் இருந்தால், நகரம் சம்பளம் கொடுத்து அமர்த்தும் லாபியிஸ்ட், அதாவது சட்டமன்றத்தில் நகரத்துக்காகப் பேசுகிற ஆள், அதைத் தாண்டி வாய் திறக்க முடியாது. இத்தனைக்கும் ஆஸ்டினில் நகர அலுவலகத்திலிருந்து சட்டமன்றத்துக்கு நடந்தே போய்விடலாம். நாம் 450 கிலோமீட்டருக்கு மேல் வைகை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டும்.

இன்னொன்று கேளுங்கள், இதைப் படித்தபோது எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். வரிப்பணத்தில் லாபியிஸ்ட் வைக்க நகரங்களுக்குத் தடை போட வேண்டும் என்று டெக்சாஸில் திரும்பத் திரும்ப மசோதா வருகிறது. எனவே நகரங்கள் தங்கள் பட்டியலிலேயே அதை எதிர்ப்பதாகவும் எழுதுகின்றன. கேட்கிற உரிமையைக் காப்பாற்றுவதற்கே ஒரு கோரிக்கை!

இப்போது மதுரைக்கு வருவோம். நூறு வார்டு, நூறு கவுன்சிலர். அண்ணா மாளிகையில் மாமன்றம் கூடுகிறது, பொருள் வைக்கிறார்கள், தீர்மானம் போகிறது. பேச்செல்லாம் பெரும்பாலும் தெருவிளக்கு, பாதாளச் சாக்கடை, குப்பை. தப்பே இல்லை, நானும் அதைத்தான் கேட்பேன். ஆனால் சில விஷயம் எத்தனை முறை பேசினாலும் அந்த மன்றத்துக்குள் தீராது.

2024 அக்டோபர் மழை ஞாபகம் இருக்கிறதா? செல்லூரில் வீட்டுக்குள் தண்ணீர். எங்கள் அத்தை அரிசி மூட்டையைக் கட்டிலுக்கு மேல் ஏற்றி வைத்துவிட்டு, பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து நனைந்த சேலைகளை ஒவ்வொன்றாகப் பிழிந்துகொண்டிருந்தார். தெரு மாநகராட்சியுடையது, கண்மாய் நீர்வளத் துறையுடையது, வைகையும் அப்படித்தான். தண்ணீருக்கு இந்த எல்லை தெரியாது. நகருக்குள் வரும் வாய்க்காலை ஒரே கையில் கொடு என்பது விதியை மாற்றச் சொல்லும் கோரிக்கை, மண்வெட்டி கேட்பது இல்லை.

விளம்பர வரியும் இப்படித்தான். ஜிஎஸ்டிக்காகச் செய்த 101ஆவது திருத்தத்தில் அந்த வரிக்கான 55ஆவது பதிவே மாநிலப் பட்டியலிலிருந்து, அதாவது மாநிலம் சட்டம் போடக்கூடிய விஷயங்களின் பட்டியலிலிருந்து, நீங்கிவிட்டது. கேளிக்கை வரியை உள்ளாட்சிக்கு விட்டுவைத்தார்கள், இதை விடவில்லை.

மெட்ரோவும் சேர்த்தி. ஒன்றிய அரசின் 2017 மெட்ரோ கொள்கையில் உள்ள, ஊருக்கு 20 லட்சம் மக்கள்தொகையாவது வேண்டும் என்ற கணக்கைக் காட்டித்தான் 2025 நவம்பரில் நம் திட்டம் திரும்பி வந்தது. வைத்து அளந்ததோ 2011 கணக்கெடுப்பு. மீனாட்சி கோயிலுக்கும் சித்திரைத் திருவிழாவுக்கும் வந்து போகிற கூட்டமெல்லாம் அந்த எண்ணில் எங்கே இருக்கிறது? அந்தக் கொள்கை வந்த வருடமே 'இந்த அளவுகோல் கோயில் ஊருக்குப் பொருந்தாது' என்று ஒரு தாள் போயிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கேட்டால் நடக்காது என்று சொல்லாதீர்கள். கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டத்தையே திருத்தியது. இன்றைக்கு மாசி வீதி ஜவுளிக்கடையில் ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தால், அது சட்டம் கொடுத்த ஸ்டூல்.

ஒவ்வொரு வருடமும் பட்ஜெட்டுக்குப் பிறகு சட்டமன்றத்தில் நகராட்சி நிர்வாகத் துறையின் மானியக் கோரிக்கை வருகிறது. அதற்கு இரண்டு மாதம் முன்னால் மதுரை மாமன்றம் ஒரு தாள், அஞ்சே அஞ்சு கோரிக்கை, ஓட்டெடுத்து அனுப்பட்டும். 2022 நவம்பர் 1இல் தொடங்கிய, வார்டு மக்களே கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டங்கள் இருக்கின்றனவே, அங்கேயிருந்து ஆரம்பிக்கலாம்.

என் முதல் வரி செல்லூர் வாய்க்கால். உங்கள் வார்டு எண்ணைப் போட்டு, எந்த விதி மாற வேண்டும் என்று ஒரே ஒரு வரி கமெண்டில் எழுதுங்கள். வந்த எல்லாவற்றையும் அச்சடித்து அண்ணா மாளிகைத் தபால் பிரிவில் கொடுத்துவிட்டு, சீல் போட்ட நகலை அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.