ராட்னி தெரு, 62ஆம் நம்பர்

வணக்கம் மக்களே. நான் பேசறது கேக்குதா? காத்து பிச்சு எடுக்குது, மைக்கை சட்டைக்குள்ள சொருகி வச்சிருக்கேன். லிவர்பூல்ல ராட்னி தெருவுல நிக்கிறேன். இந்த ஊருக்கு வர்றவங்க ஒண்ணு பீட்டில்ஸ் பாக்கப் போவாங்க, இல்ல ஆன்ஃபீல்டு மைதானம். நான் ஒரு வீட்டைக் காட்டக் கூட்டிட்டு வந்திருக்கேன். பின்னாடி தெரியுது பாருங்க, 62ஆம் நம்பர். நாலு தடவை பிரிட்டன் பிரதமரா இருந்த வில்லியம் கிளாட்ஸ்டன் 1809ல பிறந்த வீடு. ஆனா இன்னைக்கு நமக்கு வேண்டியது மகன் இல்ல, அவரோட அப்பா ஜான்.

ஊரைப் பத்தி முதல்ல சொல்லிடறேன். 1699ல 'லிவர்பூல் மெர்ச்சன்ட்'னு ஒரு கப்பல் இங்கருந்து கிளம்பி, ஆப்பிரிக்காவுல ஆள் பிடிச்சு, பார்படாஸ்ல 220 பேரை இறக்குச்சு. அடுத்த நூறு வருஷத்துல ஐரோப்பாவுலயே பெரிய அடிமை வியாபாரத் துறைமுகம் இதுதான். மொத்த அட்லாண்டிக்குக்கும் ஆராய்ச்சியாளர்கள் போட்ட கணக்கு என்னன்னா, கப்பல் ஏத்தினது சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர், உயிரோட கரை இறங்கினது சுமார் 1 கோடியே 7 லட்சம். மிச்சம் 18 லட்சம் பேர் எங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஜான் கிளாட்ஸ்டனுக்கு டெமராராவுல, அதாவது இன்னைக்கு கயானா இருக்கே, அங்க கரும்புத் தோட்டங்கள். ஜமைக்காவுலயும் இருந்துச்சு. தோட்டத்தை அவர் ஒரு நாளும் போய்ப் பாத்ததில்ல. எல்லாம் கடுதாசியிலயே. ஒரு தோட்டத்துக்குப் பேரு 'சக்சஸ்'. 1823 ஆகஸ்ட்ல பெரிய கிளர்ச்சி வெடிச்சது அந்த சக்சஸ்லதான். சுமார் பத்தாயிரம் அடிமைகள் திரண்டாங்க. முன்னாடி நின்னவர் பேரு ஜாக் கிளாட்ஸ்டன். ஆமா, அதே கிளாட்ஸ்டன். முதலாளி பேரை இவர் தலையில ஒட்டி வச்சிருந்தாங்க. ஜாக்கோட அப்பா குவாமினா, தச்சர், சர்ச்சுல டீக்கன். ரத்தம் சிந்த வேணாம்னு கடைசி வரைக்கும் சொன்ன மனுஷன். அவரைச் சுட்டுக் கொன்னு, உடம்பை சக்சஸ் தோட்டத்து ரோட்டோரமா சங்கிலியில தொங்க விட்டாங்க. இன்னைக்கு கயானாவுல அவர் தேசிய வீரர்.

பத்து வருஷம் கழிச்சு, 1833ல அடிமை ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. நம்ம பாடப் புத்தகம் 'பிரிட்டன் அடிமை முறையை ஒழித்தது'ன்னு ஒரே வரியில முடிச்சிடும். அதே வருஷம் மகன் வில்லியம் பார்லிமென்ட்ல எழுந்து அப்பாவோட தோட்டத்துக்காக வக்காலத்து வாங்கினாரு. சட்டத்துல நஷ்ட ஈடுன்னு 2 கோடி பவுண்டு ஒதுக்கினாங்க. யாருக்கு? அடிமைகளுக்குன்னு நினைச்சா நீங்க ரொம்ப நல்லவங்க. 'சொத்து' பறிபோன முதலாளிகளுக்கு! ஜான் கிளாட்ஸ்டனுக்கு மட்டும் 2,508 பேருக்குச் சேத்து 1,06,769 பவுண்டு. தலைக்கு 42 பவுண்டு சொச்சம். அந்த 2,508 பேருக்கு ஒரு பென்னி கூடக் கிடையாது. அது மட்டுமில்ல, 'தொழில் பழகறாங்க'ன்னு பேரு வச்சு 1838 ஆகஸ்ட் வரைக்கும் அதே தோட்டத்துல பெரும்பாலும் சம்பளமில்லாம உழைக்க வச்சாங்க.

அந்த 2 கோடிக்காக அரசாங்கம் வாங்கின கடன் எப்ப அடைஞ்சுது தெரியுமா? 2015ல! கரீபியன்லேர்ந்து இங்க வந்து குடியேறின அடிமை வம்சத்துப் பிள்ளைங்களோட வரிப் பணமும் அதுல போயிருக்கு. முதல் தடவை படிச்சப்ப நான் வருஷத்தை ரெண்டு தரம் பாத்தேன்.

சரி, அடிமைங்க விடுதலையாகிட்டா கரும்பை யாரு வெட்டறது? 1836 ஜனவரியில ஜான் கிளாட்ஸ்டன் கல்கத்தாவுல ஒரு கம்பெனிக்கு ஆள் கேட்டு எழுதினாரு. அவங்க பதில் என்ன தெரியுமா? மலைவாசி ஜனங்க இருக்காங்க, மனுஷனை விடக் குரங்குக்குத்தான் பக்கம்னு சொல்லுவாங்க, தின்னு குடிச்சுத் தூங்கறதைத் தவிர வேற தேவை கிடையாது, எங்க போறோம்னே தெரியாமத்தான் சம்மதிக்கறாங்க. இதைப் படிச்சுட்டு மனுஷன் ஆர்டரை ரத்து பண்ணல. 1838 மே 5ஆம் தேதி 'விட்பி', 'ஹெஸ்பெரஸ்'னு ரெண்டு கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏத்திக்கிட்டு டெமராரா போய்ச் சேந்துச்சு. அங்க அடிமை முறை முழுசா முடிய இன்னும் மூணு மாசம் பாக்கி. பழையவங்க வெளிய வர்றதுக்கு முன்னாடியே புதுசா ஆள் வந்து இறங்கியாச்சு.

அந்த முதல் ரெண்டு கப்பலும் கல்கத்தாவுலேர்ந்து போனது. 1845லேர்ந்து மெட்ராஸ்லேர்ந்தும் கப்பல் போச்சு. வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் டீம்ல வீராசாமி பெர்மால்னு ஒரு கயானாக்கார ஸ்பின்னர், ஞாபகம் இருக்கா? டிவியில பேரைப் பாத்துட்டு 'அட, நம்ம பெருமாள்'னு வீட்டுல சிரிச்சோம். அந்தப் பேரு அவ்வளவு தூரம் எப்படிப் போச்சுன்னு அன்னைக்கு யோசிக்கல. அடிமை முறையும் ஒப்பந்தக் கூலியும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரலை. ஒப்பந்தத்துல வருஷக் கணக்கு இருந்துச்சு, கூலி இருந்துச்சு. ஆனா கரும்பு அதே கரும்பு, முதலாளியும் அதே முதலாளி.

2023 ஆகஸ்ட்ல கிளாட்ஸ்டன் வம்சத்துக்காரங்க கயானா போய் ரெண்டுக்கும் சேத்து மன்னிப்பு கேட்டாங்க. அதுக்கு முந்தின நாளே அந்த நாட்டு அதிபர் இர்ஃபான் அலி, மன்னிப்போட நிக்கக் கூடாது, நஷ்ட ஈடும் வேணும்னு பேசியிருந்தாரு. 'அது ரொம்பப் பழைய கதை, கணக்கு எப்படிப் போடறது'ன்னு கேக்கறவங்க இருக்காங்க. முதலாளிகளுக்குப் போட்ட கணக்கு பேரோட, ஊரோட, தொகையோட இன்னும் அப்படியே இருக்கு. லண்டன்ல இருக்கற யூசிஎல் பல்கலைக்கழகம் அதை இணையத்துலயே போட்டிருக்கு, யாரு வேணா தேடலாம். நான் 'கிளாட்ஸ்டன்'னு அடிச்சுத்தான் பாத்தேன்.

மழை தூறுது. இருட்டறதுக்குள்ள டவுன் ஹால் வரைக்கும் நடந்துடலாம் வாங்க. அங்க வெளிச் சுவர்ல யானை, முதலையோட சேத்து ஆப்பிரிக்க முகங்களையும் கல்லுல செதுக்கி வச்சிருக்காங்க. அண்ணாந்து பாத்தாத்தான் தெரியும்.