கட்டிலருகே வந்தவர்கள்

எல்லாருக்கும் என் வணக்கம். ஆதித் திருச்சபையில் நடந்த சுகமளிக்கும் அற்புதங்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அற்புதம் நடந்ததா இல்லையா என்ற வழக்கை இன்று மாலை நான் எடுக்கப்போவதில்லை. நடந்தது என்று நம்புகிறவன் நான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மனதில் நெடுநாளாகக் கிடக்கிற கேள்வி வேறு. அந்த முதல் நானூறு வருஷங்களில் ஒருவர் நோயில் விழுந்தால் அவருடைய கட்டிலருகே யார் வந்தார்கள்? வந்தவர்கள் என்ன கேட்டார்கள்? அவர் எழுந்திருக்காமலே போனால் அவரிடம் என்ன சொன்னார்கள்?

மாற்கு சுவிசேஷம் 5-ஆம் அதிகாரத்தில் ஒரு பெண் வருகிறாள். பன்னிரண்டு வருஷமாய்ப் பெரும்பாடு, அதாவது தீராத இரத்தப்போக்கு. "அநேக வைத்தியர்களால் மிகவும் வருத்தப்பட்டு, தனக்கு உண்டானவைகளையெல்லாம் செலவழித்தும்" குணமாகவில்லை என்று மாற்கு எழுதுகிறார். லூக்காவும் இதே கதையைச் சொல்கிறார். ஆனால் வைத்தியர்களால் வருத்தப்பட்டாள் என்பதை விட்டுவிட்டு, ஒருவராலும் அவளைச் சொஸ்தமாக்க முடியவில்லை என்று மட்டும் சொல்கிறார். லூக்காவைக் கொலோசெயர் நிருபம் "பிரியமான வைத்தியன்" என்று அழைக்கிறது. சொந்தத் தொழில்காரர்களைக் கொஞ்சம் காப்பாற்றினாரோ என்று படிக்கும்போதெல்லாம் தோன்றும். ஆனால் செலவை அவரும் மறைக்கவில்லை. ஆஸ்தியெல்லாம் போய்விட்டது. நோயைத் தீர்க்க நகையை விற்று, நிலத்தை அடகு வைத்து, கடைசியில் நோய் மட்டும் மிச்சமாக நிற்கிற வீடுகள் நம் தெருவிலும் உண்டு. அந்தப் பெண் இயேசுவின் வஸ்திரத்தின் ஓரத்தைத் தொட்டபோது அவளிடம் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்தக் காலத்து உலகத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய, கிரேக்க நாட்டின் எபிடாரஸுக்கு ஒரு நடை போய் வரவேண்டும். அஸ்கிலேப்பியஸ் என்ற வைத்தியத் தெய்வத்தின் பேர்பெற்ற கோயில் அங்கே இருந்தது. நோயாளிகள் இரவில் ஒரு நீண்ட மண்டபத்தில் படுத்துத் தூங்குவார்கள். கனவில் தெய்வம் வந்து குணமாக்கும் என்பது நம்பிக்கை. குணமானவர்களின் கதைகளைக் கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கல்லில் வெட்டி வைத்தார்கள். அதில் ஒரு சின்னப் பையன் இருக்கிறான், பெயர் யூஃபானிஸ். சிறுநீர்க் கல்லால் துடித்துக்கொண்டு படுத்திருக்கிறான். தெய்வம் கனவில் வந்து, "உன்னைக் குணமாக்கினால் எனக்கு என்ன தருவாய்?" என்று கேட்கிறது. "பத்துப் பகடைக்காய் தருகிறேன்" என்கிறான் பையன். தெய்வம் சிரித்துவிட்டுச் சரி என்றது. காலையில் அவன் சுகமாக வெளியே வந்தான். எனக்குப் பிடித்த கதை இது. ஆனால் அதே கல்வெட்டுகளில் தாசோஸ் தீவைச் சேர்ந்த ஹெர்மோன் கதையும் இருக்கிறது. பார்வை கிடைத்தது, காணிக்கை செலுத்தாமல் போய்விட்டார், தெய்வம் அவரை மறுபடியும் குருடாக்கியது. திரும்பி வந்து படுத்த பிறகே பார்வை வந்தது. அங்கே வந்தவர்களின் கண்ணீர் நம் கண்ணீர்தான், அவர்களைக் குறைவாகப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் சுகத்துக்கு ஒரு விலை இருந்தது, பாக்கி வைக்கவும் முடியாது.

இப்போது எருசலேம் தேவாலயத்தின் அலங்கார வாசலுக்கு வாருங்கள். பிறவிச் சப்பாணி ஒருவன் பிச்சைக்குக் கை நீட்டுகிறான். பேதுரு சொல்கிறார்: "வெள்ளியும் பொன்னும் என்னிடத்திலில்லை, என்னிடத்திலுள்ளதை உனக்குத் தருகிறேன்." அவனுடைய வலது கையைப் பிடித்துத் தூக்குகிறார். இரண்டு பக்கமும் காசு இல்லை, கவனியுங்கள். பிறகு சமாரியாவில் சீமோன் என்ற மாயவித்தைக்காரன், கைகளை வைத்துப் பரிசுத்த ஆவியைக் கொடுக்கிற வரத்துக்குப் பணம் கொண்டுவந்து நீட்டினபோது, "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது" என்று பேதுரு வெடித்தார். எபேசுவில் பவுலின் "உறுமால்களையும் கச்சைகளையும்" வியாதிக்காரர்மேல் போட வியாதிகள் நீங்கின என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. உறுமால் வியர்வை துடைக்கிற துணி. கச்சை வேலை செய்கிறவன் இடுப்பில் கட்டிக்கொள்வது. பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தவர். உழைத்து அழுக்கான அந்தத் துணியை அவர் விற்றதாக ஒரு வரி கிடையாது.

நூறு வருஷத்துக்கு மேலாகியும் இது மாறவில்லை. கி.பி. 180 வாக்கில், இன்றைய பிரான்சில் இருக்கிற லியோன் நகரத்தின் ஆயர் ஐரேனியஸ், கைகளை வைத்து ஜெபித்து நோயாளிகளைச் சுகமாக்குகிறவர்கள் தம் காலத்திலும் உண்டு என்று எழுதினார். அதற்காக அவர்கள் யாரிடமும் காசு வாங்குவதில்லை, இலவசமாகப் பெற்றதை இலவசமாகவே கொடுக்கிறார்கள் என்றும் சேர்த்து எழுதினார். ஊர்ச்சபை முழுவதும் உபவாசமிருந்து மன்றாடினதையும் சொல்கிறார். தனி ஒருவருடைய பெயர் பெரிதாகக் கேட்கவே இல்லை.

யாக்கோபு நிருபமும் இதையே காட்டுகிறது. "உங்களில் ஒருவன் வியாதிப்பட்டால், அவன் சபையின் மூப்பர்களை வரவழைப்பானாக." நோயாளி எழுந்து மேடைக்குப் போகவேண்டியதில்லை. ஆள் அனுப்பினால் போதும். மூப்பர்கள், பன்மையில், வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசி ஜெபம்பண்ணுவார்கள். எண்ணெய் அந்தக் காலத்தில் மருந்தும்தான். நல்ல சமாரியன் காயத்தில் வார்த்தது எண்ணெயும் திராட்சரசமும். மருந்து ஒரு பக்கம், ஜெபம் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தெரியவில்லை.

சிரியாவில், ஐபிராத்து நதிக்கரையில், துரா யூரோப்போஸ் என்ற எல்லைப்புற ஊர் இருந்தது. 256-இல் பாரசீகப் படை பிடித்த பிறகு மண்மூடிப் போன ஊர். அங்கே தோண்டியபோது, ஆராதனைக்காக மாற்றிக் கட்டின ஒரு சாதாரண வீடு கிடைத்தது. ஞானஸ்நான அறையின் சுவரில் நடக்க முடியாத திமிர்வாதக்காரனை இயேசு சுகமாக்கின காட்சியைத் தீட்டியிருக்கிறார்கள். இன்றைக்கு நம்மிடம் இருக்கிற இயேசுவின் மிகப் பழைய படங்களில் அது ஒன்று. ஒரு பக்கம் அவன் படுத்திருக்கிறான். பக்கத்திலேயே எழுந்து, கட்டிலைக் கவிழ்த்து முதுகில் சுமந்துகொண்டு நடக்கிறான். கயிற்றுக் கட்டிலை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தூக்கிப்போகிறவரைப் போலவே இருக்கிறது.

சரி, எழுந்திருக்காதவர்கள்? பவுலின் பெயரால் வந்த நிருபங்களில், அவரோடு ஊழியம் செய்தவர்களையே பாருங்கள். "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்." தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக்கோளாறு, கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று புத்தி சொல்கிறது நிருபம். எப்பாப்பிரோதீத்து சாவின் விளிம்புவரை போய்வந்தான். பவுலுக்கே மாம்சத்தில் ஒரு முள். மூன்று தரம் கேட்டும் எடுபடவில்லை. உறுமாலால் ஊராரைச் சுகமாக்கினவர் இவர்! துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதாது என்றோ, தீமோத்தேயுவிடம் மறைவான பாவம் இருக்கிறதென்றோ ஒரு சொல் அங்கே இல்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் அம்மா இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்தார்கள். ஒரு கூட்டத்துக்குச் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போனோம். மேடையில் நின்றவர் தலையில் கைவைத்து, எழுந்து நில் என்றார். அம்மா முயன்றார்கள், முடியவில்லை. "உங்களுக்கு விசுவாசம் இல்லை" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அம்மா அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார்கள். "எனக்கு விசுவாசம் இல்லையாடா?" என்று ராத்திரியில் என்னை எழுப்பிக் கேட்பார்கள். வலியைவிட அந்தக் கேள்விதான் அவர்களைத் தின்றது. துரோப்பீமுவின் பெயர் அன்றைக்கு எனக்குத் தெரிந்திருந்தால் அம்மாவிடம் சொல்லியிருப்பேன்.

3-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோம சாம்ராஜ்யம் முழுவதும் ஒரு கொள்ளைநோய் பரவியது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் சிலர் ஆயர் சிப்ரியனிடம் வந்து, புறமதத்தாரைப் போலவே நாமும் சாகிறோமே, இது எப்படி என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்த உலகத்தில் இருக்கிறவரை எல்லாருக்கும் இருக்கிற சரீரம்தானே நமக்கும் என்றார் அவர். கண் நோகும், காய்ச்சல் வரும். அலெக்சாந்திரியாவில் நடந்ததை அங்கே ஆயராக இருந்த தியோனிசியஸ் கடிதமாக எழுதியிருக்கிறார். நோயாளிகளின் பக்கத்திலேயே இருந்து கவனித்துக்கொண்ட மூப்பர்களும் டீக்கன்களும் சாதாரண விசுவாசிகளும் அதே நோய் பிடித்துச் செத்தார்கள். செத்தவர்களின் கண்ணையும் வாயையும் மூடி, தோளில் சுமந்து, குளிப்பாட்டி, துணி சுற்றினவர்களுக்குக் கொஞ்ச நாளில் வேறொருவர் அதையே செய்யவேண்டி வந்தது. அந்தக் கடிதத்தில் அற்புத சுகம் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் சுகமளித்தல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கடிதம்தான்.

கடைசியாக அகஸ்டின், பின்னாளில் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரத்து ஆயரானவர். அற்புதங்கள் தம் காலம்வரை தொடர விடப்படவில்லை என்று 390 வாக்கில் எழுதின மனிதர் அவர். முதுமையில் மனம் மாறினார். ஹிப்போவில் சுகமானவர்களின் சாட்சியை எழுதி வாங்கினார். இரண்டு வருஷத்துக்குள் ஏறக்குறைய 70 சேர்ந்தன. ஆனால் அவர் நீளமாக விவரிப்பது, அவரே கூட இருந்த ஒரு சம்பவத்தை.

388-இல், கார்த்தேஜில், இன்னசென்ஷியஸ் என்ற முன்னாள் வழக்கறிஞரின் வீடு. அவருக்குப் பவுத்திரம். அறுவை வைத்தியர்கள் அறுத்து ஆற்றிவிட்டார்கள். ஒன்று மட்டும் ஆழத்தில் மறைந்து தப்பிவிட்டது. மருந்திலேயே ஆற்றிவிடலாம் என்று நாளைக் கடத்தி, கடைசியில் மறுபடியும் கத்திதான் என்றார்கள். மனிதர் வெளுத்துப்போனார். அவர்களைத் துரத்திவிட்டு அலெக்சாந்திரியாக்காரர் ஒருவரை அழைத்தார். அவர் பார்த்துவிட்டு, இவ்வளவு நன்றாகச் செய்தவர்களே மிச்சத்தையும் முடிக்கட்டும், அவர்கள் உழைப்பின் பேரை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றாராம். நல்ல வைத்தியர்.

வழக்கம்போல அன்று சாயங்காலமும் ஆயர் சட்டூர்னினஸும் மூப்பர் குலோசஸும் டீக்கன்களும் பார்க்க வந்தார்கள். நாளைக்கு நான் கத்தியிலேயே போய்விடுவேன், சாவுக்கு வருவதுபோல வந்து பக்கத்தில் இருங்கள் என்று அவர் அழுதார். தேற்றிவிட்டு எல்லாரும் முழங்காலிட்டார்கள். அவரோ யாரோ பிடித்துத் தள்ளினதுபோலத் தரையில் விழுந்து, உடம்பெல்லாம் குலுங்க, பேச்சு வராமல் தேம்பினார். மற்றவர்கள் ஜெபித்தார்களா என்று எனக்குத் தெரியாது, என்னால் முடியவில்லை என்று அகஸ்டின் எழுதுகிறார். ஆண்டவரே, இதைக் கேட்காவிட்டால் உம்முடைய ஜனங்களின் எந்த ஜெபத்தைத்தான் கேட்பீர் என்று மனதுக்குள் ஒரு வரி மட்டும் சொன்னாராம்.

விடிந்தது. சொன்னபடியே எல்லாரும் வந்துவிட்டார்கள். கருவிகளை எடுத்து வைத்தார்கள். அவரைக் கட்டிலில் வாகாகக் கிடத்தி, இவர்கள் தைரியம் சொல்லிக்கொண்டே இருக்க, வைத்தியர் கட்டின் முடிச்சை அவிழ்த்தார். கையில் கத்தி. கண்ணால் தேடினார், விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அறுப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. நன்றாக ஆறி இறுகின தழும்பு மட்டும் இருந்தது.