அத்தை பிரிச்ச கவர், நான் கட்டின 800 ரூபாய்

வணக்கம், போன்ஜூர்! இன்னிக்கு மொட்டை மாடியில இல்ல, ரூம்ல உக்காந்து பேசுறேன். மேல காத்து பிச்சுக்கிட்டுப் போகுது. போன தடவை அதோடயே எடுத்துப் போட்டதுக்கு நீங்க என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினீங்க, மறக்கல.

காவடிக்கு இலையில போடுற ஏழு கறி வீடியோ போடுறேன்னு சொல்லியிருந்தேன், தெரியும். காவடி முடிஞ்சு ஒரு வாரமாச்சு, அந்த வாழையிலையே இந்நேரம் காஞ்சிருக்கும். அது அடுத்த வாரம் கண்டிப்பா. இன்னிக்கு எனக்கு வயித்தெரிச்சல். அதைக் கொட்டினாத்தான் மறுவேலை ஓடும்.

விஷயம் ஒரு கவர். சாதாரண பழுப்புக் கவர்.

மாஸ்டர்ஸுக்கு அப்ளை பண்றேன், அப்ளை பண்றேன்னு டிசம்பர்லேருந்து உங்க உயிரை வாங்கிட்டு இருக்கேன்ல? அதுக்கு டிரான்ஸ்கிரிப்ட் வேணும். இதுவரைக்கும் எடுத்த ஒவ்வொரு பாடமும், கிரெடிட்டும், கிரேடும் வரிசையா அதுல இருக்கும். கவர்ல போட்டு, ஒட்டின இடத்துல பாதி மூடி மேல, பாதி கவர் மேலன்னு முத்திரை குத்திக் குடுப்பாங்க. பிரிச்சா முத்திரை ரெண்டா உடைஞ்சுடும். அப்புறம் அது சீல் வச்ச டிரான்ஸ்கிரிப்ட் இல்ல, வெறும் காகிதம்.

ஃபார்ம் எழுதி, காசு கட்டி, பத்து நாள் காத்திருந்து வாங்கினேன். மெட்ரோவுல மழை படாம மடியில பச்சப்புள்ளை மாதிரி வச்சுக் கொண்டு வந்தேன். சாப்பாட்டு மேசையில வச்சுட்டுக் கை கால் கழுவப் போனேன். அஞ்சே நிமிஷம். திரும்பி வந்து பாத்தா, அத்தை கண்ணாடியை மாட்டிக்கிட்டு என் ரெண்டாம் வருஷத்து 'சி'யைப் படிச்சுக்கிட்டு இருக்காங்க! "மோ தி பான்சே கரண்ட் பில்லு"ங்குறாங்க. கரண்ட் பில்லுன்னு நெனச்சாங்களாம். கவர் மேல என் பேரு இருக்கு. கரண்ட் பில் என்னிக்கு என் பேர்ல வந்துச்சு?

புதுசா வந்தவங்களுக்காக ஒரு வரி: எங்க அம்மா புதுக்கோட்டை, கல்யாணம் ஆகி மொரீஷியஸ் வந்தவங்க. அப்பா பக்கம் தலைமுறை தலைமுறையா ரோஸ் ஹில். அம்மாகிட்ட தமிழ், அத்தைகிட்ட கிரியோல், சண்டைன்னா ரெண்டும்.

சரி, மறுபடியும் போய் நின்னேன். முதல் தடவை 300 ரூபாய். இந்தத் தடவை 500. எங்க ஊர் ரூபாய் சொல்றேன், இந்திய ரூபாய் இல்ல. ஏன் 500ன்னு கேட்டா 'அர்ஜென்ட்'டாம். அதே தாள், அதே முத்திரை, அதே பசை. அந்த 200 ரூபாய் எதுக்கு? கொஞ்சம் வேகமா நாக்கால நக்கி ஒட்டுவாங்களா? மொத்தம் 800. எத்தனை ஜோடி தால்பூரி வாங்கியிருக்கலாம்னு கணக்குப் போட்டேன், பாதியிலேயே பசி வந்துருச்சு, நிறுத்திட்டேன்.

எங்க அப்பாவுக்கு இது புரியவே மாட்டேங்குது. 2019 ஜனவரிலேருந்து இங்க அரசாங்கப் பல்கலைக்கழகத்துல முதல் டிகிரிக்கு ஃபீஸ் இல்ல. அதனால அவரைப் பொறுத்தவரைக்கும் படிப்புன்னா இலவசம். "அப்புறம் எதுக்கு மாசாமாசம் காசு கேக்குறே?"ங்குறார். மாஸ்டர்ஸ் இலவசம் இல்லப்பான்னு சொன்னா, "அப்ப ஏன் படிக்கணும்?" அந்தக் கேள்வி மட்டும் நியாயமான கேள்வி. அதுக்கு வர்றேன்.

எச்.எஸ்.சி. ரிசல்ட் வந்ததுலேருந்து உங்ககிட்டருந்தும் ஒரே கேள்வி. "அக்கா, என்ன படிக்கலாம்?" எங்க ஊர்ல எல்லா மாமாக்கள்கிட்டயும் அதுக்கு ஒரே பதில்தான்: ஏசிசிஏ, அதாவது அக்கவுண்டன்ட் படிப்பு. சயன்ஸ் சைடு படிச்சியா? ஏசிசிஏ. ஆர்ட்ஸா? ஏசிசிஏ. லொரியா, அதான் ரிசல்ட்ல முதல்ல வர்றவங்களுக்கு அரசாங்கம் குடுக்குற ஸ்காலர்ஷிப், வரலையா? அழாதே, ஏசிசிஏ. எனக்கு அந்தப் படிப்பு மேல கோவம் கிடையாது. முழுசா எழுதினா 13 பேப்பர், நல்லாப் படிச்சவங்களுக்கு வேலை இருக்கு. ஆனா கணக்குல ஏ வாங்கின ஒரே காரணத்துக்காக என்னைக் கணக்குப்பிள்ளை ஆக்கப் பாக்குறது என்ன நியாயம்? கணக்கு வேற, கணக்கு எழுதுறது வேற.

நான் புள்ளியியல் எடுத்தது பெரிய லட்சியத்தோட இல்ல, உண்மையைச் சொல்லிடுறேன். மேத்ஸ் லெசோன், அதாவது ட்யூஷன், எடுத்த சார் "உனக்கு இது வரும்"ன்னார், எடுத்துட்டேன். முதல் வருஷம் பூரா 'ஏன்டா எடுத்தோம்'னுதான் இருந்தேன். அப்பதான் பெலால் புயல் வந்துச்சு. 2024 ஜனவரி 15. போர்ட் லூயிஸ்ல தெருவுல காருங்க காகிதக் கப்பல் மாதிரி மிதந்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடந்ததை நீங்களும் பாத்திருப்பீங்க. எங்க அண்ணன் அன்னிக்கு ஆபீஸ்ல மாட்டிக்கிட்டு ராத்திரிதான் வந்தான். வீட்டுல எல்லாரும் "இவ்வளவு மழை எப்படிப் பெய்யும்?"னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. அதைக் கணக்குப் போடவே ஒரு தனிப் பாடம் இருக்குன்னு எனக்கு அடுத்த செமஸ்டர்லதான் தெரிஞ்சுது.

சராசரி மழை எவ்வளவுன்னு தெரிஞ்சு ஒரு பிரயோஜனமும் இல்ல. சராசரி மழையில யாரும் மூழ்கிறதில்ல. ஒவ்வொரு வருஷமும் பெஞ்சதுல ஆகப் பெரிய மழையை மட்டும் எடுத்து, அந்த உச்சங்களை மட்டும் வரிசையா வச்சுப் பாக்கணும். அதுக்குன்னே கம்பெல்னு ஒரு வளைவு இருக்கு. '50 வருஷத்து மழை'ன்னு பேப்பர்ல போடுறாங்கள்ல, அது 50 வருஷத்துக்கு ஒரு தடவை நாள் குறிச்சு வர்ற விருந்தாளி இல்ல. எந்த வருஷமும் வர்றதுக்கு 2 சதவீத வாய்ப்பு. ரெண்டுதானேன்னு விட்டுடாதீங்க. 30 வருஷக் கடன்ல வீடு வாங்குறீங்கன்னா, கடன் அடையிறதுக்குள்ள ஒரு தடவையாவது அது வர்ற வாய்ப்பு கிட்டத்தட்ட 45 சதவீதம். 0.98-ஐ 30 தடவை பெருக்கி ஒண்ணுலேருந்து கழிச்சுப் பாருங்க. இதை அப்பாகிட்ட சொன்னேன். அதுக்கப்புறம் "ஏன் படிக்கணும்"னு கேக்கல. கூரையை ஒரு தடவை ஏறிப் பாத்துட்டு வந்தார்.

அதுனாலதான் மாஸ்டர்ஸ். 'டேட்டா சயன்ஸ்'னு பேரு போட்ட எல்லாத்துக்கும் அப்ளை பண்ணுன்னு ஃப்ரெண்ட்ஸ் சொன்னாங்க. எனக்கு அந்தப் பேரே இப்ப அலர்ஜி. பேரைப் பாக்காதீங்க, பாட லிஸ்ட்டை எறக்கிப் படிங்க. ரெண்டு செமஸ்டர் மென்பொருள் பேரு மட்டுமே இருந்தா எனக்கு வேண்டாம். அந்த மென்பொருள் மூணு வருஷத்துல பழசாயிடும்.

இப்ப எங்கேங்குறது. அம்மாவுக்குச் சென்னைதான். பாட்டி புதுக்கோட்டையில இருக்காங்க, சென்னைப் பல்கலைக்கழகம் சேப்பாக்கத்துல இருக்கு, ரெண்டும் பக்கம்னு அம்மா நெனைப்பு. எத்தனை மணி நேர பஸ்னு அவங்களுக்கே தெரியும், ஆனாலும். இந்தியாவுக்கு ஐசிசிஆர்னு இந்திய அரசாங்கத்தோட ஸ்காலர்ஷிப் இருக்கு. ஃபீஸ், மாசப் பணம், வீட்டு வாடகைக்கு ஒரு தொகை எல்லாம் அதுல வரும். எம்பிபிஎஸ்ஸுக்கு அது கிடையாது, கேட்டு எழுதின தம்பிக்குச் சொல்றேன். இங்கிலீஷ்ல 500 வார்த்தையில ஒரு கட்டுரை வேற எழுதணும். நான் முதல்ல எழுதினது "சின்ன வயசுலேருந்தே எனக்குப் புள்ளியியல் மேல..."ன்னு ஆரம்பிச்சுது. சின்ன வயசுல எனக்கு அலுடா மேலதான் ஆசை, நம்ம ஃபலூடா மாதிரி பால் ஐட்டம். அடிச்சுட்டு, மிதந்த காருலேருந்து ஆரம்பிச்சேன்.

அப்புறம் தென்னாப்பிரிக்கா. எஸ்ஏடிசின்னு தென் ஆப்பிரிக்கப் பகுதி நாடுகளோட கூட்டமைப்பு, அதோட ஒப்பந்தம் இருக்கிறதால நம்ம பிள்ளைங்களுக்கு அங்க உள்ளூர்க்காரங்களுக்கு உள்ள ட்யூஷன் ஃபீஸ்தான், வெளிநாட்டு மாணவர்னு மேல கொஞ்சம் கட்டணம் வரும். அது பரவாயில்ல. ஆனா 'ஹானர்ஸ்'ங்குற ஒரு வார்த்தை என்னை ஒரு வாரம் சுத்தல்ல விட்டுச்சு. நம்ம ஊர்ல மூணு வருஷ டிகிரியே 'ஆனர்ஸ்'னுதான் வரும். அங்க மூணு வருஷ டிகிரி முடிச்சு, அதுக்கு மேல தனியா ஒரு வருஷம் படிக்கிறதுக்குப் பேரு ஹானர்ஸ். அவங்க அளவுகோல்ல டிகிரி 7, ஹானர்ஸ் 8, மாஸ்டர்ஸ் 9. அப்ப என் ஆனர்ஸ் ஏழா எட்டா? நேரா மாஸ்டர்ஸா, இல்ல இன்னொரு வருஷமா? ஃபார்ம்ல கட்டத்தைப் பாத்து நீங்களா முடிவு பண்ணாதீங்க, டிபார்ட்மென்ட்டுக்கே மெயில் போட்டுக் கேட்டுட்டு அப்புறம் காசு கட்டுங்க. நான் கட்டிட்டுக் கேட்டேன். அந்தத் தொகையைச் சொல்ல மாட்டேன், அம்மா இந்த வீடியோவைப் பாப்பாங்க.

என் மனசு இருக்கிறது ரெயூனியன்ல. பக்கத்துத் தீவுதான், விமானம் ஏறி உக்காந்து ஜூஸ் குடிக்கிறதுக்குள்ள எறங்கச் சொல்லிடுவாங்க. நம்ம பக்கத்து இந்தியப் பெருங்கடல் புயல்களைக் கண்காணிக்கிற மையமே அங்கதான் இருக்கு, பல்கலைக்கழகத்துலயே புயலுக்குன்னு ஆராய்ச்சிக்கூடம் இருக்கு. வேடிக்கை என்னன்னா, 55 டிகிரிக்குக் கிழக்க உருவாகுற புயலுக்குப் பேரு வைக்கிறது மொரீஷியஸ், மேற்க மடகாஸ்கர். கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு அதைப் பாத்துக்கிறது ரெயூனியன். அதாவது பேரு வைக்கிறது அத்தை, ராத்திரி முழிக்கிறது அம்மா.

அது பிரான்ஸ்ங்குறதால அப்ளிகேஷன் கேம்பஸ் பிரான்ஸ்ங்குற பிரெஞ்சு அரசாங்க அமைப்பு வழியாப் போகணும், நேர்காணல் உண்டு. 2019-ல ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய உள்ளவங்களுக்கு மாஸ்டர்ஸ் ஃபீஸை வருஷத்துக்கு 3,770 யூரோன்னு ஏத்தினாங்க. நிறையப் பல்கலைக்கழகங்க அதுலேருந்து விலக்கு குடுக்குது, குடுக்குதான்னு ஒவ்வொண்ணாப் பாக்கணும். பயம் என்னன்னா, நான் பிரெஞ்சு பேசுவேன், சண்டை கூடப் போடுவேன், தீசிஸ் எழுதுவேனான்னு தெரியல.

ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன். சிபாரிசுக் கடிதம்! இதை முதல்ல சொல்லியிருக்கணும். பேரு பெத்த ஒரு பேராசிரியர்கிட்டக் கேக்கலாம்னு இருந்தேன். அவருக்கு என் மூஞ்சியே தெரியாது, 'நல்ல மாணவி, நேரத்துக்கு வருவாள்'னு எழுதுவார். நேரத்துக்கு வர்றதும் பொய். எனக்கு பி போட்ட மேடம்கிட்டயே போனேன். என் ப்ராஜெக்ட்ல மழை டேட்டா ரெண்டு வருஷம் காணாமப் போனப்ப நான் என்ன பண்ணேன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஒரு மாசம் முன்னாடியே கேட்டேன், ப்ராஜெக்ட் சுருக்கத்தையும் கடைசித் தேதிகளையும் ஒரே தாள்ல எழுதிக் குடுத்தேன். நாலே நாள்ல ஏத்திட்டாங்க!

ஐ.டி. கம்பெனிங்க இருக்கிற எபேன்ல ஒரு வேலைக்கும் நேர்காணல் போயிட்டு வந்திருக்கேன், டேட்டா அனலிஸ்ட். மாஸ்டர்ஸ் கிடைக்கலைன்னா அங்க. கிடைச்சா...? அதையும் யோசிக்கிறேன். பிரிட்டிஷ் அரசாங்கத்தோட செவனிங் மாதிரி ஸ்காலர்ஷிப்புக்கு 2,800 மணி நேர வேலை அனுபவம் கேக்குறாங்க, அதனால ரெண்டு வருஷம் வேலை பாத்தா வீணாப் போகாது. என்ன செய்யிறதுன்னு தெரியாததால மாஸ்டர்ஸ் போறதுக்கு, சம்பளம் வாங்கிக்கிட்டே தெரியாம இருக்கலாம்.

இப்ப கவருக்கு வர்றேன். ரெண்டாவது கவர், 500 ரூபாய்க் கவர், கையில வச்சுக்கிட்டு நேத்து ராத்திரி போர்ட்டல்ல உக்காந்தேன். 'டிரான்ஸ்கிரிப்டை ஸ்கேன் செய்து பதிவேற்றவும்'. ஸ்கேன்! பிரிக்காம எப்படி ஸ்கேன் பண்றது? மூணு இடத்துலயும் அதையேதான் கேக்குறாங்க. சீல் வச்சது இடம் கிடைச்ச பிறகு கேட்டாக் குடுத்தாப் போதும். அப்ப எதை ஸ்கேன் பண்ணேன்? அத்தை பிரிச்சதைத்தான். மூலையில ஒரு சாம்பார்க் கறை இருந்துச்சு, கொஞ்சம் வெளிச்சத்தை ஏத்தி மறைச்சுட்டேன். 300 கேபிக்குள்ள இருக்கணும்னான், 312 வந்துச்சு, சுருக்கினா கிரேடு தெரியல, மறுபடி, மறுபடி, ராத்திரி 1:40-க்கு 298. ஏறிடுச்சு! நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது.

காலையில அத்தைகிட்ட சொல்லியிருக்கக் கூடாது. "நான் பிரிக்கலைன்னா உனக்கு ஸ்கேன் ஏது?"ன்னு அவங்க ஊர் பூரா ஃபோன் போட்டுச் சொல்லிட்டு இருக்காங்க. வாங்கின கவர் இப்ப பீரோ மேல இருக்கு. அது மேல எழுதக் கூடாதுல்ல, அதனால ஒரு ப்ளாஸ்டிக் பைக்குள்ள போட்டு, பை மேல 'பா தூசே'ன்னு பெரிசா எழுதி ஒட்டியிருக்கேன். தொடாதேன்னு. அத்தை அதைப் பாத்துட்டு, உள்ள என்ன இருக்குன்னு கேட்டுட்டாங்க.