டிராக் ரேஸில் ‘பை’ யாருக்குப் போக வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கபடிப் போட்டி என்றால் முதல் வேலை சீட்டுக் குலுக்குவதுதான். அணிகள் ஒற்றைப்படையாக வந்துவிட்டால் ஓர் அணிக்கு ‘பை’ விழும், ஆடாமலே அடுத்த சுற்று. அதிர்ஷ்டம் என்று ஊரும் விட்டுவிடும். பைக் டிராக் ரேஸில் அப்படி விடக்கூடாது. ஏன் என்று சொல்கிறேன்.

நேர்ப்பாதையில் இரண்டு இரண்டு வண்டியாக ஓடுவது டிராக் ரேஸ். தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். இல்லையென்றால் அதில் பாதி, 201 மீட்டர். தோற்றவர் அதோடு வெளியே. மூடிய தடத்தில், லைசென்ஸோடு, ஹெல்மெட்டும் ரேஸ் சூட்டும் போட்டு நடப்பதைத்தான் சொல்கிறேன். ரிங் ரோட்டில் ராத்திரி முறுக்குவதற்குப் பந்தயம் என்ற பேரே கிடையாது.

ஒரு பிரிவுக்கு ஐந்து வண்டிதான் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றில் இரண்டு ஜோடி, ஒருவருக்குப் பை. மிஞ்சுவது மூன்று பேர். மறுபடி ஒரு ஜோடி, ஒரு பை. ‘தகுதிச் சுற்றில் முதலில் வந்தவருக்கே பை’ என்று மட்டும் விதி எழுதியிருந்தால், இரண்டு பையும் அவருக்கே போகும். ஒருவரைக்கூட ஜெயிக்காமல் இறுதிப் போட்டியில் நிற்பார். எதிரே நிற்பவரோ இரண்டு பேரை ஜெயித்து, கிளட்ச் காந்திப்போய் வந்திருப்பார். தகராறு இங்கேதான் கிளம்புகிறது.

பையின் லாபம் ஓய்வோடு நிற்பதில்லை. பை கிடைத்தவரும் எதிராளி இல்லாமல் தடத்தில் ஓடியாக வேண்டும். ஆர்எக்ஸ் மாதிரி டூ-ஸ்ட்ரோக் வண்டியை அப்படித் தனியாக ஓட்டுகிறவர், கோட்டைத் தாண்டியதும் ஃபுல் த்ராட்டிலிலேயே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைக்கலாம். ஓரமாக நிறுத்தி, சூடு தணிந்ததும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பார். அதன் பீங்கான் காபிப்பொடி நிறமாக இருந்தால் ஜெட், அதாவது கார்பரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை, சரி. வெள்ளை வெளேரென்று இருந்தால் பெட்ரோல் போதவில்லை. அடுத்த ஓட்டத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். மதுரை வெயிலில் காலையில் சரியாக இருந்த ஜெட் மதியம் இப்படித்தான் கறுப்புக் காட்டும், சூட்டில் காற்று லேசாகிவிடுவதால். இந்தச் சோதனையை மற்றவர்கள் தோற்கும் பயத்தோடு செய்ய வேண்டும். பை கிடைத்தவருக்கு அது இலவசம்.

அதனால் ஒருவருக்கு ஒரு பைதான் என்று விதியிலேயே எழுதிவிட வேண்டும். முதல் பை தகுதிச் சுற்றில் வேகமாக வந்தவருக்குப் போகட்டும், அது அவர் உழைத்துச் சம்பாதித்தது. அடுத்த சுற்றின் பை, இதுவரை பை வாங்காதவர்களில் முந்தைய சுற்றில் ரெட் லைட் வாங்காமல் (பச்சைக்கு முன்பே கிளம்பினால் விழுவது அது), பச்சை விளக்குக்கு யார் சீக்கிரம் கிளம்பினாரோ அவருக்கு. அந்த ரியாக்‌ஷன் டைம் கடிகாரத்திலேயே பதிவாகிவிடுவதால் சண்டைக்கு இடமில்லை.

எட்டுப் பேருக்கு இடம் உள்ள எட்டுக் கட்ட அட்டவணை போட்டு, காலிக் கட்டங்களைப் பையாக்குவது இன்னொரு வழி. ஐந்து வண்டிக்கு மூன்று பையையும் முதல் சுற்றிலேயே கொடுத்துவிட்டு, தகுதிச் சுற்றில் நான்காவதும் ஐந்தாவதும் வந்த வண்டிகள் மட்டும் மோதும். அதன்பின் பையே வராது. இறுதிக்குப் போகிறவர் யாராவது ஒருவரையாவது ஜெயித்தே ஆக வேண்டும். ஐந்து, ஆறு வண்டிக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஒன்பது வண்டி வந்தால் இந்த வழி உதவாது. பதினாறு கட்டத்தில் ஏழு பை போய், முதல் சுற்றே ஒரு ஜோடியோடு முடிந்துவிடும். ஒன்பதுக்கு முதல் வழிதான். மூன்று பை வரும், மூன்றும் மூன்று பேருக்கு.

பை என்றால் பந்தலில் உட்கார்ந்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. சொந்த இன்ஜினில் கோட்டுக்கு வந்து, விளக்கு வாங்கிக் கிளம்ப வேண்டும். எதிராளி இல்லாததால் ரெட் லைட் விழுந்தாலும் தோல்வி கிடையாது. அந்த ஓட்டத்தின் நேரத்தை அடுத்த சுற்றின் லேன் தேர்வுக்குக் கணக்கில் எடுப்பது அவசியம். மெதுவாக உருட்டி இன்ஜினைக் காப்பாற்றினால் நல்ல லேன் எதிராளிக்குப் போகும்; லேன் வேண்டுமென்றால் முழு வேகத்தில் ஓட்டத்தான் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும்.

ஜோடி போட்டபின் எதிராளியின் வண்டி மக்கர் செய்து வராமல் போனால், தனியாக ஓடுகிறவர் கணக்கில் அதைப் பையாக எழுதக்கூடாது. அது அவர் கேட்டு வாங்கியதில்லை. இதையும் சேர்த்து, தகுதிச் சுற்று தொடங்கும் முன்பே பலகையில் எழுதி வண்டிகளைப் பரிசோதிக்கும் ஸ்க்ரூட்டினி மேசைக்குப் பக்கத்தில் மாட்டிவிடுங்கள். நன்றி, வணக்கம்.