மஞ்சள் தொப்பியும் 31ஆம் இலக்கமும்

நேயர்களுக்கு வணக்கம்.

2022 ஜூன் மாதம். நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பாடு. யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் என்னுடைய உதிரிப்பாகக் கடை திறந்திருந்தது என்றுதான் பேர். காலையில் கதவைத் திறப்பேன், வடிகட்டிப் பெட்டிகளின் மேல் படிந்த தூசியைத் தட்டுவேன், பின்னேரம் பூட்டுவேன். மண் வெட்டுகிற பெக்கோவுக்கும் டிப்பருக்கும் டீசல் இல்லை. டீசல் கிடைத்தவருக்கோ வேலை இல்லை. முந்தின வருட டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவுக்கு வந்த டீசல், அந்த ஜூன் முடியும்போது 460 ரூபா. வீடு கட்டத் தொடங்கியவர்கள் அத்திவாரத்தோடு நிறுத்தியிருந்தார்கள்.

அப்படி ஒரு நாள், பெக்கோ ஓட்டும் தம்பி ஒருவர் வாகனத்தை வரிசையில் விட்டுவிட்டு வந்து கடைக் கதிரையில் சாய்ந்தார். தலையில் மஞ்சள் தொப்பி. விளிம்பில் கிறீஸ் விரல்கள் பட்ட கறுப்பு. முன்னால் கட்டர்பில்லர் முத்திரை, பக்கத்தில் 31 என்று நூலால் தைத்திருந்தது. கனடாவிலிருந்து வந்த மச்சான் கொடுத்ததாம். அது என்ன 31 என்று கேட்டார். அமெரிக்காவில் ஓடிய ஒரு பந்தயக் காரின் இலக்கம் என்றேன்.

"அண்ணை, மண் வெட்டுற மெசின் செய்யிறவன் கார் ஓட்டத்துக்கு ஏன் காசு குடுக்கிறான்? பாக்கிற சனம் போய் பெக்கோ வாங்கப் போகுதே?"

அன்றைக்கு அரைகுறையாக ஏதோ சொல்லி அனுப்பினேன். மீதியை இன்றைக்கு உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்த ஓட்டத்துக்கு நாஸ்கார் என்று பெயர். பார்ப்பதற்கு வீட்டுக் கார் போன்ற வண்டிகள், பெரும்பாலும் நீள்வட்டப் பாதையில் நூற்றுக்கணக்கான சுற்றுகள். அங்கே கூடுகிறவர்களில் லொறிச் சாரதிகள், மெக்கானிக்குகள், வீதி போடுகிறவர்கள், கமக்காரர்கள் நிறையப் பேர். அவர்கள் புல்டோசர் வாங்குவதில்லை, உண்மைதான். ஆனால் வாங்குகிற கொந்தராத்துக்காரர் முதலில் யாரைக் கேட்கிறார்? ஓட்டுகிறவனைத்தான். எது மண்ணில் புதையாது, எதற்கு ஹோஸ் அடிக்கடி வெடிக்காது என்று அவன் சொல்லும் ஒரு சொல்லில் பெரிய தொகைக்கான தீர்மானம் சாய்ந்துவிடும். என் கடையிலும் அப்படித்தான். முதலாளிமார் காசு தருவார்கள். எந்தக் கொம்பனிச் சாமான் என்று சொல்வது கையில் கிறீஸோடு வருகிற பெடியன்.

அதைவிட இன்னொன்று. பந்தய நாளில் கொம்பனி தன் விற்பனை முகவர்களையும் பெரிய வாடிக்கையாளர்களையும் அழைத்து, சாப்பாடு போட்டு, ஓட்டுநரோடு படம் எடுக்க வைக்கும். ரயர் மாற்றுகிற இடத்தில் நின்று பார்த்தவர் அதை ஊர் போய்ப் பத்துப் பேருக்குச் சொல்லுவார். காரில் ஒட்டிய பெயரைவிட, இந்த விருந்துக்குத்தான் காசு என்பது என் எண்ணம்.

2002ஆம் ஆண்டு, நாஸ்காரின் பெரிய ஓட்டமான டேட்டோனா 500 பந்தயத்தில் கட்டர்பில்லருக்கு அதிர்ஷ்டம் வலியப் போய் வாசலைத் தட்டியது. ஓட்டம் முடிய ஒரு சில சுற்றுகளே மிச்சம். சிவப்புக்கொடி காட்டி எல்லாரையும் நிறுத்தியிருந்தார்கள். முன்னுக்கு நின்ற ஸ்ரேர்லிங் மார்லின், மோதலில் நெளிந்த மட்காட் தன் ரயரில் உரசுவதைக் கண்டு, காரை விட்டு இறங்கித் தன் கையாலேயே இழுத்து நிமிர்த்தினார். சிவப்புக்கொடி நேரத்தில் காரைத் தொடக்கூடாது. அவரைப் பின்வரிசைக்கு அனுப்பினார்கள். அடுத்து நின்ற வோர்ட் பேர்ட்டன் வென்றார். 22ஆம் இலக்கம், கட்டர்பில்லர் கார், பில் டேவிஸ் என்பவரின் அணி. மட்காட்டை நானாக இருந்தாலும் இழுத்திருப்பேன். மெக்கானிக்கின் கை சும்மா இருக்காது.

சரி, காசில்லாத காலத்துக்கு வருவோம். 2008இல் கட்டர்பில்லரின் விற்பனை 5,100 கோடி டொலரைத் தாண்டியது. அடுத்த வருடம் 3,200 கோடி சொச்சம். 2009 ஜனவரி 26ஆம் திகதி, ஏறக்குறைய 20,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். அடுத்த மாதமே புதிய பந்தயப் பருவம் தொடங்கியபோது, அதே பெயரைத் தாங்கி ஒரு கார் ஓடியது. இம்முறை ரிச்சர்ட் சில்ட்ரஸ் அணி, இலக்கம் 31. ஓட்டியவர் வோர்ட் பேர்ட்டனின் தம்பி ஜெஃப். ஒப்பந்தம் முந்தின வருடமே எழுதியாயிற்று; காசு அணி மாறியதுதான் புதிது. அனுசரணையாளரை இழந்த பில் டேவிஸின் அணி 2008 முடியுமுன்னே கைமாறிப்போனது.

வேலை போனவர் தொலைக்காட்சியில் அந்தக் காரைப் பார்த்தால் வயிறு எரியாதா? எரியும். கணக்குப் பிள்ளைகள் கணக்குக் காட்டுவார்கள்: முன்னணிக் கார் ஒன்றுக்கு ஒரு கோடி டொலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதை 20,000 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 500 டொலர், ஒரு மாதச் சம்பளம்கூட இல்லை என்று. கணக்குச் சரி. ஆனால் மேசனுக்குக் கூலி பாக்கி வைத்துவிட்டு எட்டுக் கூட்டம் மேளம் பிடித்துத் திருவிழா செய்கிற வீட்டை ஊர் எப்படிப் பார்க்கும் என்று நமக்குத் தெரியும். மேளக் காசு கொஞ்சம்தான் என்று மேசனிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

பிரித்தானியாவின் ஜேசிபி கதையும் இதே வகை. 2006 ஓகஸ்டில், அமெரிக்காவின் பொன்னவில் உப்பு வெளியில், டீசல்மக்ஸ் என்ற வண்டியை அன்டி கிறீன் மணிக்கு 350 மைல் வேகத்தில் ஓட்டி டீசல் வாகனங்களுக்கான உலக சாதனையை முறியடித்தார். அதற்குள் இருந்தவை இரண்டு இயந்திரங்கள். நம்மூர் வாய்க்காலில் மண் அள்ளுகிற அதே ஜேசிபி இயந்திரக் குடும்பம்தான். சாதனைக்காகப் பலமடங்கு முறுக்கேற்றியிருந்தார்கள். எனக்குப் பிடித்த விளம்பரம் இது. காரில் பெயர் ஒட்டவில்லை, சாமானையே ஓட்டிக் காட்டினார்கள். இரண்டே வருடம் கழித்து, 2008 ஒக்டோபரில், அதே கொம்பனித் தொழிலாளர்கள் முந்நூறுக்கு மேற்பட்ட சக தொழிலாளரின் வேலையைக் காப்பாற்ற, கிழமைக்கு ஏறத்தாழ 50 பவுண் குறையச் சம்மதித்து வாக்களித்தார்கள். அப்படியும் பிறகு வேலைக்குறைப்பு வந்தது.

விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. நம்மூர்த் தோட்டக்காரர்களுக்குத் தண்ணீர்ப் பம்பால் தெரிந்த ஹொண்டா, 2008 டிசம்பரில் போர்முலா 1 பந்தயத்தை விட்டு விலகுவதாக அறிவித்தது. அடுத்த வருடத்துக்கான கார் அவர்கள் காசில் உருவாகிக்கொண்டிருந்தது. அணியை, அதன் தலைவராக இருந்த ரொஸ் ப்ரோன் பொறுப்பேற்றார். அனுசரணையாளர் பெயர் அதிகம் இல்லாத வெள்ளைக் காரோடு களம் இறங்கி, 2009இல் அணிக்கான பட்டத்தையும் ஓட்டுநருக்கான பட்டத்தையும் சேர்த்து அள்ளினார்கள். உழுது விதைத்தவர் வரம்பில் நிற்க, அறுத்தவர் வேறு ஆள்.

கோயில் உபயம் செய்கிற வீட்டாருக்கு இந்த இடம் உடனே விளங்கும். எங்கள் ஊர்க் கோயிலில் ஏழாம் திருவிழா ஒரு குடும்பத்தின் உபயம், மூன்று தலைமுறையாக. ஒரு வருடம் போயிலைக்கு விலை இல்லை, கடன்பட்டுச் செய்தார்கள். ஏன் இந்தப் பாடு என்று நான் கேட்டதற்கு அந்த வீட்டு அம்மா சொன்னது: "இந்த வருசம் விட்டால் வேற ஆள் எடுத்திடுவினம். பிறகு கேட்டாலும் தரமாட்டினம்." கொம்பனி மேலாளர்கள் பெரிய பெரிய அறிக்கைகளில் எழுதுவதும் ஏறக்குறைய இதுதான். மந்தமான காலத்தில் மற்றவர்கள் விலகும்போது நல்ல இடம் மலிவாகவும் கிடைக்கும். மண் வெட்டும் இயந்திரம் செய்கிற ஜப்பானின் கொமாட்சு, போர்முலா 1இல் ஓடும் வில்லியம்ஸ் அணியோடு 1980களில் தொடங்கிய உறவை இடையில் விட்டு, 2024இல்தான் மறுபடி பிரதான பங்காளியாக வந்தது. திரும்ப இடம் கிடைத்தது அதற்கு. எல்லாருக்கும் கிடைக்காது.

எனக்கு அது நேரேயே நடந்தது. வலிகாமத்தில் ஒரு ஊர்ச் சவாரித் திடலில், வருடா வருடம் மாட்டுவண்டிச் சவாரியின் முதற்பரிசுக் கோப்பை எங்கள் கடை அனுசரணை. கூடவே திடல் ஓரத்தில் ஒரு பனர். உழவு இயந்திரம் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் அங்கே நிற்பார்கள். சோடி மாடு ஓடி முடிய என்னிடம் வந்து பெல்ட் விலை கேட்பார்கள். 2022இல் கைவிரித்தேன். வேலை செய்த இரண்டு பெடியங்களில் ஒருவனை அந்த வருடம் நிற்பாட்டியிருந்தேன். அவனுக்குச் சம்பளம் இல்லாமல் கோப்பைக்குக் காசு கொடுக்க மனம் வரவில்லை. கோப்பைக் காசில் அவனை ஒரு மாதம்கூட வைத்திருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் தெரிந்துதான் செய்தேன்.

அடுத்த வருடம் காசோடு போனபோது முதற்பரிசை ஒரு ஹார்ட்வெயார் கடைக்காரர் எடுத்திருந்தார். குழுத் தலைவர் சங்கடத்தோடு சிரித்தார். "மூன்றாம் பரிசுதான் இருக்குது, அண்ணை."

எடுத்தேன். பனரைத் திடலின் மற்றக் கரையில், மாடுகள் அவிழ்க்கிற இடத்தில் கட்டச் சொன்னார்கள். கட்டிக்கொண்டு நிற்கையில், ஏணியைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வந்தார். அந்த மஞ்சள் தொப்பிக்காரத் தம்பி. பெக்கோ மறுபடி ஓடுகிறதாம். "அண்ணை, தொப்பி அடிக்கேல்லையே?" என்று கேட்டார்.

வணக்கம்.