கண்ணாடி மாற்றியும் தெளியாத பார்வை
(கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கண் மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் நின்று பார்வையைப் பற்றிப் பேசக் கிடைத்ததில் எனக்கு நிறைவு. கண் நன்றாக இருந்தும் பார்வை கெடுகிறவர்களைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

பார்வை மங்கினால் முதலில் கண்ணாடிக் கடைக்குப் போகிறோம். தவறில்லை. ஆனால் கண்ணாடி மாற்றியும் தெளியவில்லை, கண்புரையும் இல்லை என்றால், கோளாறு கண்ணுக்குப் பின்னால் இருக்கக்கூடும். ஒவ்வொரு கண்ணிலிருந்தும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் கொண்ட நரம்பு புறப்படுகிறது. வழியில் மூக்குப்பக்கத்து இழைகள் மட்டும் எதிர்ப்புறம் தாண்டுகின்றன. அதனால் நமக்கு இடப்புறம் இருப்பதையெல்லாம், எந்தக் கண்ணால் பார்த்தாலும், வலப்பக்க மூளையே உணர்கிறது.

"டாக்டர், இடக்கண் போய்விட்டது. மோட்டார் சைக்கிளில் போனால் இடப்புறம் நிற்கும் கார்களை உரசுகிறேன். பேப்பர் படித்தால் வரியின் தொடக்கம் கிடைப்பதில்லை" என்பார் ஒருவர். இடக்கண்ணை மூடி, வலக்கண்ணால் மட்டும் பார்க்கச் சொல்வேன். அப்போதும் இடப்பாதி தெரியாவிட்டால் பழுது கண்ணில் இல்லை. பெரும்பாலும் பக்கவாதம் மூளையைத் தொட்டிருக்கும். இரு கண்களிலும் வெளிப்புறம் மட்டும் மறைந்தால், இழைகள் தாண்டும் இடத்துக்குக் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டியைத் தேடுவோம். எம்ஆர்ஐ எடுக்கும் முன்பே, எங்கே தேடுவது என்பதை ஒரு கை மறைப்பு சொல்லிவிடுகிறது! இத்தனை ஆண்டுக்குப் பிறகும் எனக்கு இது வியப்புதான்.

ஆகவே "மங்கல்" என்று மட்டும் சொல்லாமல், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துவிட்டு வாருங்கள். கண்ணை அசைத்தால் வலிக்கிறதா, சிவப்பு ஒரு கண்ணில் வெளிறித் தெரிகிறதா என்பதையும் சொல்லுங்கள். இளம் பெண்களுக்கு அதிகம் வரும் பார்வை நரம்பு அழற்சியின் அடையாளங்கள் அவை. டார்ச் ஒளியைக் கண்ணுக்குக் கண் மாற்றிக் காட்டுவோம். ஒளி பட்டதும் சுருங்க வேண்டிய கண்மணி விரிந்தால், அந்தப் பக்கத்து நரம்பு பழுது என்று அறிவோம்.

மனம் கனக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மது முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. பிழைப்பவர்களின் பார்வை நரம்பையும் அந்த நஞ்சு அழிக்கக்கூடும். குடித்தவருக்கு மறுநாள் எல்லாம் வெண்மூட்டமாகத் தெரிந்தால், குடும்ப மானம் என்று மறைக்காதீர்கள். மாற்றுமருந்துக்கு நேரம் மிகக் குறைவு.

இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்குத் திடீரென்று ஒன்று இரண்டாகத் தெரிவதுண்டு. பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும். ஆனால் இரட்டைப் பார்வையோடு இமை தொங்கி, கண்மணி விரிந்து, கடும் தலைவலியும் சேர்ந்தால், மூளை இரத்தக்குழாயின் வீக்கம் கண்ணை அசைக்கும் நரம்பை அழுத்தக்கூடும். அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அப்போது கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், நீங்களே காரோட்டியும் போகாதீர்கள். 999ஐ அழையுங்கள்.